மறந்துவிடும் என்பார்கள்

‘சின்னப்பிள்ளைதானே, மறந்துவிடும்’ என்பது எம்மவர் மரணவீடுகளில் ஆறுதலாகக் கூறும் வாசகம். பிள்ளை அழுகையை நிறுத்தியதும் அதன் துயரும் தீர்ந்ததெனக் கொள்ளும் இக்கருத்து எத்துணை பிழையானது என்பதை நான் நூல்களில் அன்று, என் தமக்கையாரிடமே முதலிற் கண்டேன்.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மட்டக்களப்பு நாவலடியை அழித்தபோது அவருக்கு எட்டு வயது, எனக்கு ஒன்று. அன்று அன்னையை இழந்தோம். சில நாட்களிலேயே அக்கா அழுகையை விடுத்து எனக்குச் சோறூட்டத் தொடங்கினாராம். ‘கெட்டிக்காரி’ என ஊரவர் மெச்சினர். வள்ளத்தையும் வலையையும் இழந்த தந்தையார் குடிக்கலானார். இரவில் அவரது குரல் உயர்ந்ததும் அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குச் சென்றுவிடுவார்.

இன்று முப்பதை அணுகும் அவருக்கு நல்ல உத்தியோகம் உண்டு. எனினும், காலையில் எழ மனமின்றிக் கிடக்கின்றார்; உணவில் நாட்டமில்லை; ஓயாத தலையிடி. உறவினர் இதனைச் சோம்பல் என்றனர். சிலர் சனிதோஷம் என்றனர். மருத்துவரோ மனச்சோர்வு நோய் என்றார்.

அமெரிக்காவில் பெலிற்றி, அண்டா முதலியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்து நோக்கத்தக்கது. அடி, ஏச்சு, பாலியற் கொடுமை, தாய் தாக்கப்படல், வீட்டில் மதுவெறி முதலான ஏழு வகைத் துன்பங்கள் பற்றி வளர்ந்தோர் 9,508 பேரின் விடைகளை அவர்கள் ஆராய்ந்தனர். நான்கு வகைகளையேனும் சிறுவயதில் அனுபவித்தோரிடம் மனச்சோர்வு பன்மடங்கு மிகுந்திருந்தது. எமது வடகிழக்கில் 296 தமிழ் மாணவரை ஆராய்ந்து 2008 இல் வெளியான கட்டுரையும், போர், ஆழிப்பேரலை ஆகியவற்றுடன் வீட்டு வன்முறையும் சிறாரின் உளப் பாதிப்புக்குக் காரணியாதலைச் சுட்டியது. தந்தையரின் மதுப்பழக்கம் அவ்வன்முறையோடு தொடர்புற்றிருந்தது.

ஆகவே, அலையை மாத்திரம் காரணமாகக் கூறுதல் போதாது. அலை ஒரு காலைப்பொழுதில் வடிந்தது. அச்சம் ஆண்டுக்கணக்கில் வீட்டினுள் தங்கிற்று. இடையறாது அஞ்சிய பிள்ளையின் உடல், ஆபத்து நீங்கிய பின்னரும் ஓய்வறியாது விழித்திருக்கப் பழகிவிடுகின்றது.

எனினும், இதனை விதியெனக் கொள்ளலாகாது. துன்புற்ற சிறார் யாவரும் நோயுறுவதில்லை. அன்போடு உடனிருக்கும் ஒருவர் பெருங் காப்பாவார். மனச்சோர்வும் சிகிச்சைக்கு இணங்கும் நோயே. மாதந்தோறும் கிளினிக் சென்றுவரும் அக்கா அண்மையில் என்னிடம் ஒன்று கூறினார்: அந்நாட்களில் எல்லோரும் தம்மைப் புகழ்ந்தனராம், ஒருவரேனும் ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டதில்லையாம்.

அக்கேள்வியைக் கேட்பதற்குப் பட்டமோ பணமோ வேண்டியதில்லை. எம் அயலில் அழாதிருக்கும் பிள்ளைகளிடம் அதனை இன்றே கேட்போமாக.