மீதிப் பணம்

கல்முனையில் நான் கமராவுடன் தொழிலுக்கு இறங்கிய தொண்ணூறுகளில் ஒரு பிலிம் சுருளுக்கு 36 படங்கள்தான். முதல் வாடிக்கையாளர் மருதமுனை நெசவாளி ஒருவர், மகளின் கலியாணம். கூலியை முன்கூட்டிப் பேச வெட்கப்பட்டேன். அல்பத்தைப் பெற்றவர் பாதிப் பணமே தந்தார். மீதி வரும்வரை நெகட்டிவைத் தருவதில்லையெனக் கோபத்தில் பெட்டியில் பூட்டிவைத்தேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தது. சில வாரங்களின் பின் அவர் என் வாசலில் நின்றார். மகளும் இல்லை, அல்பமும் இல்லை.

"தம்பி, அந்த நெகட்டிவ் இரிக்கா?"

மீதிப் பணம் அவர் கையில் இருந்தது.

அத்தனை படங்களையும் கழுவிக் கொடுத்தேன், பணத்தை வாங்கவில்லை.

இன்று கமரா தூக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். பணம் வராவிட்டாலும் படங்களை அழித்துவிடாதீர்கள்.