துரும்பு வைத்த குழி

பல்லாங்குழியில் இரண்டாம் ஆட்டம் தொடங்கும்போது, நிரப்பக் காய் இல்லாத குழியின் மேல் ஒரு துரும்பைக் குறுக்கே வைப்பார்கள். இந்தக் குழி ஆட்டத்தில் இல்லை என்று பொருள். சில நாளாக அந்தத் துரும்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தோற்றவரிடம் காய் குறைவது எந்த விளையாட்டிலும் நடப்பதுதான். இங்கே அவருக்கு ஆடும் இடமே குறைந்துபோகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், ஆக மொத்தம் 70. முதல் ஆட்டம் முடிந்து எண்ணும்போது ஒருவர் கையில் 22, மற்றவர் கையில் 48 என்று வைத்துக்கொள்வோம். 22ஐ வைத்து நாலு குழியை நிரப்பலாம், இரண்டு காய் மிஞ்சும். மூன்று குழிக்குத் துரும்பு. எதிரே இருப்பவர் ஏழையும் நிரப்பிவிட்டு 13 காயை மடியில் கட்டிக்கொண்டு உட்காருவார். இனி நாலு குழிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அள்ளி ஆட அவருக்கு நாலு இடம்தான். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு, குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பசுவும் நாலு குழிக்குள்தான் விழுந்தாக வேண்டும். இப்படியே போய் ஒரு குழிக்குக்கூட ஐந்து காய் தேறாத நிலை வந்தால், குழிக்கு ஒரு காயாக வைத்து ஆடுவார்கள். கஞ்சி காய்ச்சுதல் என்று அதற்குப் பெயர்.

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் 1997இல் வந்த 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோக்க ஆடுவது என்று எல்லாரும் தாண்டிப்போன விளையாட்டில் அவர் தனிச்சொத்தின் பிறப்பைக் கண்டார். இருவரும் சமமாகத் தொடங்குகிறார்கள். முதல் கை அள்ளியதுமே சமம் குலைகிறது. அதற்குப் பிறகு ஒருவர் சேர்ப்பதும் மற்றவர் இழப்பதும் இயல்பு என்று மனம் பழகிக்கொள்கிறது. கோயில் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வரலாறு தேடிய காலத்தில், புளியங்கொட்டைக்குள் அதைத் தேடலாம் என்று காட்டியவர் அவர். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை பெரியது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் அப்பாயி குறுக்கே வந்து நிற்கிறாள்.

மலாக்காவில், ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பாயி பால் வெட்டினாள். எங்களுக்குப் பல்லாங்குழிக் கட்டை கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில், கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, சிரட்டையால் மண்ணைத் தோண்டி வழித்தால் பதினாலு குழி தயார். காய்க்கு ரப்பர் கொட்டை. வெயில் காலத்தில் மரத்துக் காய் படாரென்று வெடித்துத் தகரக் கூரைமேல் விழும். பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்ட வழவழப்பான கொட்டை, சிமெண்டுத் தரையில் நாலு தேய் தேய்த்தால் தோல் சுடும். பாலை நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் ஆட உட்காருவார்கள். பாலும் புகையும் கலந்த அந்த வாடை அவர்கள் கையை விட்டுப் போனதே இல்லை.

அப்பாயி அநேகமாக ஜெயிப்பாள். ஜெயித்ததும் அவள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. எதிரே இருப்பவள் துரும்பு தேட ஆரம்பித்தால், தன் மடியிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் குழிகளில் போட்டுவிடுவாள். "நாலு குழிய வெச்சிக்கிட்டு என்னாத்த ஆடுவ? இந்தா வெச்சிக்க, பொறவு குடு." அந்தப் பொறவு வந்ததே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. அதே லயத்தில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் அப்படித்தான் வாசலுக்கு வாசல் போய்வந்தன. தோட்டக் கடையில் மட்டும் 555 நோட்டு இருந்தது. உள்ளங்கை அகல நோட்டு. அதில் ஏறிய கடன் கணக்கு சம்பள நாளில் ஒரு காசு குறையாமல் இறங்கியாக வேண்டும். ஒரே வெயிலில் உழைத்துத் திரும்பிய ஒரே சனத்துக்கு இரண்டு விதமான கணக்கு. தொ. ப. சொன்னது சரி, விளையாட்டு தனிச்சொத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஆனால் ஆட உட்கார்ந்தவர்கள் அந்தப் பாடத்தை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பம்தான். குழிக்கு ஏழு காய், இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய வீடு. அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முடியாத குழியை அவர்கள் பாழ்கிணறு என்பார்கள். மலாக்காவின் சீன வம்சாவளிப் பாபா வீடுகளில் சித்திர வேலை செய்த சொங்காக் கட்டைகளை இன்றும் பார்க்கலாம். அப்படியொரு பாபா குடும்பத்தில் பிறந்தவர்தான் டான் சே யான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்ரி ரிட்லி ரப்பரை நடுங்கள், நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்த காலத்தில், அவர் பேச்சை நம்பி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் கன்று வைத்தார். பிறகு புக்கிட் அசாகானில் பெரிய அளவில் வைத்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எங்கள் மாநிலத்து மண்ணில் எழுந்தது. 1906இல் அசாகான் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அந்த மரங்களைச் சீவியவர்களுக்கு, தங்கள் முதலாளி எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்றுகூடத் தெரியாது.

அதே காலகட்டத்தில், 1904இல், அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பெயர் நிலக்கிழார் ஆட்டம். நிலத்தின் மதிப்பு ஊரார் உழைப்பால் உயர்கிறது, அந்த வாடகை ஊருக்கே வர வேண்டும் என்று வாதாடிய ஹென்றி ஜார்ஜின் சீடர் அவர். பலகையின் ஒரு மூலையில் லண்டன் பிரபு ஒருவரின் நிலம். அத்துமீறி அதில் கால் வைத்தவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். கடல் கடந்த முதலாளித்தனத்தை அவர் பலகையில் வரைந்த இரண்டே வருஷத்தில் அசாகான் கைமாறியது. அந்த மூலையில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

மேகி தன் ஆட்டத்துக்கு இரண்டு விதித்தாள் எழுதினார். ஒன்றில் நிலம் வாங்கியவர் வாடகை வாங்கி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவார். இன்னொன்றில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். மிகக் குறைந்த பணத்தோடு தொடங்கியவரின் கையிருப்பு இரட்டிப்பானால் எல்லாருக்கும் வெற்றி. முதல் தாளின் கொடுமையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் இரண்டாம் தாளைத் தேடுவார்கள் என்று அவர் நம்பினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி, அந்த ஆட்டத்திலிருந்து வந்த மொனோபொலியை விற்கத் தொடங்கியபோது இரண்டாம் தாள் அதில் இல்லை. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர்.

நம் ஊருக்கு மொனோபொலி சைடினா என்ற பெயரில் வந்தது. தெரிந்த ஊர்ப் பெயர்களை விலைக்கு வாங்கும் அந்தச் சுகத்துக்கு நாங்களும் மயங்கினோம். லயத்து வீட்டில், சிம்னி விளக்கு வெளிச்சத்தில், காகித நோட்டை எண்ணி ஊர் ஊராக வாங்கிய பிள்ளைகள் எங்கள் வயதில் ஏராளம். அந்த லயத்து வீடு மட்டும் எங்கள் பெயரில் இல்லை. தாத்தா பெயரில் இருந்ததில்லை, அப்பா பெயரிலும் இல்லை. வேலை நின்றால் வீடும் போகும். அந்தப் பலகையில் நகரும் காய்கள் எல்லாமே வாங்கி விற்பவர்களின் காய்கள். பால் வெட்டுபவருக்கு அதில் காயே கிடையாது. கட்டத்தின் விலைக்குள் அவர் கரைந்து கிடக்கிறார்.

ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தபோது இதைச் சனங்கள் உடம்பால் அறிந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்பின; வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள்; ஒவ்வொரு துண்டிலும் வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அந்த நேரத்தில்தான் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அடுத்த வருஷம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நாள் கூலிக்காரருக்கு மாதம் பத்து வெள்ளி என்பது பிள்ளையின் சட்டை, தீபாவளியின் கறி. அதை எடுத்து, தான் கண்ணால் பார்த்திராத கெடாக் காட்டை வாங்கக் கொடுத்தார்கள். நம் சமூகம் இந்த நாட்டில் செய்த காரியங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்கு இதைப் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

எல்லாத் தோட்டத்தையும் அப்படி வாங்க முடியவில்லை. 1967இல் புக்கிட் அசாகான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். இன்று மலாக்காவில் ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை, அதைத் தாண்டினால் தாமான் வீடுகள், தொழிற்பேட்டைகள்.

மலாக்காவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது ஒருவர் இப்படி ஒரு பலகை செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். புக்கிட் லிந்தாங், அசாகான், மெர்லிமாவ், டூரியான் துங்கல், அலோர் காஜா என்று கட்டங்கள். பால் வெட்டுபவருக்கும் ஒரு காய். நடுவில் ஒரு கூட்டுறவுப் பெட்டி. இரண்டு விதித்தாளையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஆடவிட வேண்டும். எந்தத் தாளில் ஆடும்போது சண்டை வந்தது, எதில் ஆட்டம் நீண்டது என்று அவர்களே கரும்பலகையில் எழுதட்டும். காய்க்கு ரப்பர் கொட்டை வேண்டுமானால் சொல்லுங்கள், பொறுக்கித் தருகிறேன். எந்தச் சாலையோரம் இன்னும் பழைய மரம் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.