கூத்தனும் கூத்தியும்

கல்லூரி விழாக்களில் இப்போது 'டீவா' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. நன்றாகப் பாடும் பெண்ணுக்கும் அந்தப் பட்டம்தான், அழகாக உடுத்தி வரும் பெண்ணுக்கும் அதே பட்டம்தான். லத்தீனிலிருந்து இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. மூலப்பொருள் பெண் தெய்வம். நம் 'தேவி'க்குச் சொந்தக்காரி. ஆபரா மேடையின் தலைமைப் பாடகியை அப்படிச் சொல்லி வணங்கினார்கள். பிறகு அதே சொல்லில் இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது: அகங்காரி, அடங்காதவள். 1958 ஜனவரியில் ரோம் நகரில் மரியா காலஸ் குரல் கட்டிப்போய், முதல் அங்கத்தோடு பாடுவதை நிறுத்தினார். இத்தாலியின் குடியரசுத் தலைவர் அரங்கில் இருந்தார். பத்திரிகைகள் அவருடைய தொண்டையை விட்டுவிட்டுத் திமிரைப் பற்றி எழுதின.

மேற்கத்தியர் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எங்கள் ஊர் நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருக்கிறது. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் அது ஒன்று. இன்னொன்றான சித்திர சபை குற்றாலத்தில். அங்கே ஆடுகிறவனுக்குக் கூத்தன் என்று பெயர். கூத்தபிரான் என்று கைகூப்புகிறோம். சோழர் அவையின் பெரும்புலவருக்கு ஒட்டக்கூத்தர் என்று பெயர். அந்தச் சொல்லின் பெண்பாலை, கூத்தி என்பதை, கோயிலுக்கு வெளியே ரத வீதியில் நின்று சொல்லிப் பாருங்கள். அடிதடி வரும். ஆடுகிறவள் என்ற பொருள் இன்னும் அகராதியில் இருக்கிறது. தெருவில் அது வைப்பாட்டியைக் குறிக்கும் வசை.

விறலிக்கும் இதே கதிதான். சங்கப் பாடல்களில் அவள் ஆடிப் பாடி மன்னரிடம் பரிசில் பெற்ற கலைஞர். பதினெட்டாம் நூற்றாண்டின் விறலிவிடு தூது நூல்களில், தாசியிடம் பொருளை இழந்தவன் மனைவியைச் சமாதானம் செய்ய அனுப்பும் தூதுக்காரி ஆகிவிட்டாள்.

சிறந்த ஆடல் மகளுக்கென்றே தமிழில் ஒரு பட்டம் இருந்தது: தலைக்கோல். சோழர் கல்வெட்டுகளில் தலைக்கோலி என்று பெயர் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறி, தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அடுத்த காட்சியில் அதே 1008 கழஞ்சு விலையோடு அவளுடைய மாலை தெருவுக்கு வருகிறது. வாங்குகிறவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். கலைக்குத் தந்த பரிசே உடலுக்கு விலையாகிவிட்டது. விலையை அவள் வைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண் தானே விலை வைத்தால் என்ன ஆகும்? செங்கோட்டை கிட்டப்பாவின் மனைவி என்றே பலரும் அறிமுகப்படுத்தும் கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வெளியான 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்க விருப்பமில்லாமல், ஆளை விரட்டுவதற்காகத்தான் அந்தத் தொகையைக் கேட்டார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அப்படியே இருக்கட்டும். தன் குரலின் மதிப்பு தெரிந்து ஒரு பெண் கேட்டாள் என்று சொல்ல மட்டும் நமக்கு நா எழுவதில்லை.

இன்றைய பேச்சிலும் கணக்கு மாறவில்லை. நடிகர் தாமதமாக வந்தால் கெத்து. நடிகை வந்தால் பந்தா. அவனுக்கு சூப்பர் ஸ்டார் என்றாலே போதும். அவளுக்கு முன்னால் 'லேடி' என்று ஒரு ஒட்டு வேண்டும். 2025 மார்ச்சில் நயன்தாரா அந்தப் பட்டம் வேண்டாம், பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று அறிக்கை விட்டபோது, அதையும் பந்தா என்று சொன்னவர்கள் உண்டு.

யாராவது உங்களை டீவா என்று அழைத்தால் மகிழுங்கள். கூடவே ஒன்றை யோசியுங்கள். நாளைக்கு நீங்கள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டாலோ, இன்று உடம்புக்கு முடியவில்லை, பாட மாட்டேன் என்றாலோ, அதே வாய் அதே சொல்லை எந்தக் குரலில் சொல்லும்?

ஆற்றுப்படை நடத்தும்போது பாணன், பொருநன், கூத்தன், விறலி என்று கரும்பலகையில் எழுதுவது வழக்கம். நான் கூத்தனுக்கு எதிரே கூத்தி என்றும் எழுதுகிறேன். பின்வரிசையில் சிரிப்பு எழும். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்பேன். அன்றைய பாடம் அங்கே தொடங்கும்.