பதின்மூன்று வயதைத் தாண்டியவன்

கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்யக்கூடாது. 1980 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. ஒரு விளையாட்டுச் சாமான் கம்பனி இதை எதிர்த்து வழக்குப் போட்டு, கனடாவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1989இல் தோற்றது. ஆகவே, "ரிவியில் விளம்பரத்தைக் கண்டு பிள்ளை அழுதது, வேறு வழியில்லாமல் வாங்கிக் கொடுத்தேன்" என்று மொன்றியலில் வாழும் ஒரு தகப்பன் சொன்னால் அதில் பாதியைத்தான் நம்பவேண்டும். யூரியூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் என் மகள் எதையும் பார்த்து அழவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. ஆசைப்பட்டவன் நான். என்னைப் போன்றவனைக் காப்பாற்றச் சட்டம் எதுவும் கிடையாது.

2024 நத்தாருக்கு நான் வாங்கியது, பிள்ளைகள் ஏறியிருந்து ஓட்டும் பற்றரிக் கார். வெள்ளை ஜீப். லைற் எரியும், பாட்டுப் படிக்கும், கதவு திறக்கும். விலை ஐந்நூறு டொலருக்குக் கிட்ட. நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், இந்த நகரத்துக்கே உரிய வளைந்த வெளிப்படிக்கட்டு வைத்த வீட்டில். டிசம்பரில் விழும் பனி மார்ச் முடியுமட்டும் தெருவோரத்தை விட்டுப் போகாது. அப்படியென்றால் அந்த ஜீப் எங்கே ஓடும்? குசினியிலிருந்து படுக்கை அறை வரைக்கும் ஓடியது. சுவரில் இடித்தது. கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டு முகட்டில் தடியால் தட்டினார். வாங்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அந்த மாதம் கணக்குகளும் எனக்குச் சாதகமாய் வந்து சேர்ந்தன. டிசம்பர் 14 முதல் இரண்டு மாதத்துக்கு விளையாட்டுச் சாமான், நத்தார் மரம் போன்றவற்றுக்கு மத்திய அரசு தன் 5 வீத விற்பனை வரியை நிறுத்தி வைத்தது. "வரி இல்லை, இப்போது வாங்கினால் மிச்சம்" என்று மனைவிக்கு விளக்கினேன். கியூபெக்கின் 9.975 வீதம் அப்படியே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். அரசாங்கத்திடமிருந்து வழக்கமாக மாதம் 20ஆம் தேதி வரும் பிள்ளைக் காசு டிசம்பரில் கொஞ்சம் முந்தி வரும். அதை முற்பணம்போல எண்ணிக்கொண்டு மிகுதியைக் கடன் அட்டையில் போட்டேன். பிள்ளைக் காசு பிள்ளைக்குத்தானே என்று எனக்கு நானே நியாயமும் சொன்னேன். அது பிள்ளையின் பனிச் சப்பாத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் வருகிற காசு.

மனைவி ஒரேயொரு வசனம்தான் சொன்னாள். "உங்கட ஆசைக்குப் பிள்ளையின்ர பேரைச் சொல்லாதேங்கோ."

யாருக்காக அந்த ஜீப் என்பது நத்தார் காலையில் வெளிச்சமானது. ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் வீட்டில் மரம் முகடு தொடும். அதன்கீழ் பெட்டிகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் அதை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, எங்கள் மேசைக்கு மேலிருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் மரம் தெரியாதபடி போனைத் திருப்பிப் பிடிப்பேன். இம்முறை திருப்பவில்லை. மகள் பேப்பரைக் கிழித்தாள். ஜீப்பைக் கண்டாள். பேசாமல் நின்றாள். லைன் சரியில்லாமல் அக்காவுக்குப் படம் உறைந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிழித்த பேப்பரைத் திரும்பச் சுற்றி ஒட்டி, "இன்னொருக்கால் திறவுங்கோ அம்மா, இந்தமுறை சந்தோஷமாய்க் கத்துங்கோ" என்றேன். ஆறு வயதுப் பிள்ளை. சொன்னபடி கத்தினாள். இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது.

நண்பர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த நத்தார் தென்மராட்சியில், ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் கழிந்தது. "பற்றரியே காணாமல் வளர்ந்தவன், என் பிள்ளைக்குப் பற்றரிக் கார் வாங்கக் கூடாதா?" என்பேன். கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்காகத்தான் அந்தக் கதையே.

உண்மை வேறு. அந்த நத்தாரில் குறை இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா பனையோலையால் ஒரு பாலன் குடில் கட்டினாள். மாடும் ஆடும் நாங்கள் களிமண்ணில் பிடித்தவை. மாட்டுக்கு ஒரு கொம்புதான் நின்றது. யாரோ ஒரு மாமி எங்கிருந்தோ சீனி தேடி வந்து பயத்தம் பணியாரம் சுட்டாள். பெரியவர்களுக்கு அது எப்படிப்பட்ட நத்தாராக இருந்திருக்கும் என்பது இப்போது விளங்குகிறது. பிள்ளைகளுக்கு அது நல்ல நத்தார். எனக்குக் குறை தெரிய ஆரம்பித்தது கனடாவுக்கு வந்தபிறகு, மற்றவர்கள் வீட்டு மரங்களின் கீழே எண்ணிப் பார்த்தபோது. போரின்மேல் பழியைப் போட்டு ஜீப் வாங்கியிருக்கிறேன்.

இனித்தான் மோசமான பகுதி. கனடாவில் பிள்ளைகள் நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும். 1974இல், சேர்க்க முகவரியில்லாமல் குவிந்த இந்தக் கடிதங்களைப் பார்த்து மனம் கேளாமல், மொன்றியல் தபால் ஊழியர்கள் தாங்களே பதில் எழுதத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. தாத்தாவின் தபால் குறியீடு எச்-0-எச், 0-எச்-0. பார்த்தால் தாத்தா ஹோ ஹோ ஹோ என்று சிரிப்பதுபோல இருக்கும். கனடாவில் எச் என்று தொடங்கும் குறியீடு மொன்றியல் பகுதிக்கு உரியது. வடதுருவத்துத் தாத்தா, எழுத்தளவில் எங்கள் ஊர்க்காரர்.

என் மகளும் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில், என் அரைகுறை அறிவுக்கும் விளங்கும்படி. தனக்கென்று ஒரு சுருள் ஸ்கொச் ரேப் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தம்பி தொடக்கூடாது, முடியுமட்டும் தானே வெட்டி ஒட்டவேண்டும். அவ்வளவுதான். டொலராமாவில் இரண்டு டொலருக்குள் முடிகிற காரியம்.

அந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நவம்பர் 15இல் தபால் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. "ஸ்ரைக் அம்மா, முடியப் போடுவம்" என்று காரின் பெட்டிக்குள் வைத்தேன். டிசம்பர் 17இல் வேலைநிறுத்தம் முடிந்தது. ஜீப் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. தாத்தாவிடமிருந்து பதில் வந்தால் அவள் கேட்டது ரேப் என்பது வீட்டில் பேச்சாகும். கடிதம் காருக்குள்ளேயே கிடந்தது. தபால்காரர்மீது பழி, போர்மீது பழி. பழிபோட ஆள் தேடுவதில் எனக்கு எப்போதும் கஷ்டமிருந்ததில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் நத்தார் இல்லாமல் இல்லை. மனைவி செய்துகொண்டுதான் இருந்தாள், நான் நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தேன். திருவருகைக் காலம் தொடங்கியதும் சப்பாத்துப் பெட்டியில் வெறும் குடில் ஒன்று வைப்பாள். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் போடலாம். நத்தார் இரவுக்குள் பாலனுக்கு மெத்தை தேறவேண்டும். வைக்கோலுக்கு இங்கே எங்கே போவது? பழைய பழுப்புக் கடதாசிப் பையை நறுக்கி வைத்திருந்தாள். "குப்பையில் ஒரு குடில்" என்றேன். மகன் தம் பிடித்துக்கொண்டு பால் குடித்ததற்கு ஒரு வைக்கோல் போட்டதை, எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

பிள்ளைகளைப் பொம்மைக் கிராமம் பார்க்கக் கூட்டிப்போனதும் அவள்தான். ஜெர்மனியின் ஸ்ரைவ் கம்பனி செய்த இயந்திரப் பொம்மைகள் அவை. 1947 முதல் சென்ற் கத்தரின் தெருவில் ஓகில்வி கடைக் கண்ணாடிக்குள் நத்தாருக்கு நத்தார் ஆடி, 2018இல் மெக்கோர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாய்ப் போயின. நடைபாதையில் நின்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் காசில்லாமல் பார்த்தவை. நான் வரவில்லை, மேலதிக வேலை செய்து ஜீப்புக்குக் காசு சேர்க்கிறேன் என்றேன்.

மொன்றியல் நடுவே இருக்கும் மவுண்ட் ரோயல் மலைக்கும் நான் போகவில்லை. 1642 நத்தார் காலத்தில் ஆறு பெருகி இந்த ஊரை மூழ்கடிக்கப் பார்த்தது. ஊர் தப்பினால் மலைமேல் சிலுவை சுமப்பேன் என்று நேர்ந்த, இந்த ஊரை நிறுவிய மேசோனேவ், 1643 ஜனவரி 6ஆம் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, மரச்சிலுவையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். இன்று அங்கே எரிகிற இரும்புச் சிலுவை 1924இல் நட்டது. நேர்த்திக் கடனுக்காக ஒருவர் மலையேறியது நம்மவர்களுக்கு விளக்கவே தேவையில்லாத கதை. மனைவி வருடா வருடம் அதே நாளில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய், கதையைச் சொல்லி, சறுக்குத் தட்டில் வழுக்கவிட்டு, போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியும் சிப்பிப் பலகாரமும் கொடுத்துக் கூட்டிவருவாள். செலவு பஸ் காசு.

ஜீப்பை வசந்தத்தில் ஒரு தரம் வெளியே இறக்கினோம். பிறகு பாதி விலைக்கும் குறைய விற்றேன். கடன் அட்டைக் காசு கட்டி முடிய வட்டியோடு கோடை வந்துவிட்டது. திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். சென்ற நத்தாருக்கும் கடையில் ஒரு பெரிய பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். வாங்காமல் வந்ததற்குக் காரணம் என் அறிவல்ல. அட்டையை மனைவி வாங்கி வைத்திருந்தாள்.

இதைப் படிக்கிற அப்பாமாருக்கு ஒன்று. உங்கள் பிள்ளை தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தை முதலில் வாசியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். அந்தக் கடிதத்துக்கு முத்திரை வேண்டியதில்லை. பதில் வர உங்கள் வீட்டு முகவரியை மட்டும் தெளிவாக எழுதி, டிசம்பர் பிறந்தவுடன் தபாற்பெட்டியில் போட்டுவிடுங்கள்.