முழங்காலம்

பெரும்பொழுது ஆறு என்று நமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஏழாவதாகவும் ஒன்று உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எல்லாம் கடந்தபின் வருவது முழங்காலம். படியேறும்போது முழங்கால் தன் இருப்பைத் தானே எடுத்துச் சொல்லத் தொடங்கும் காலம் அது. இச்சொல்லை ஆக்கியவர் புலவர் எவரும் அல்லர். ஓசூரில் தளி ரோட்டுத் தேநீர்க் கடைப் பெஞ்சில் காலை ஏழு மணிக்கு வந்து அமரும் என் தந்தையாரும் அவருடைய தோழர்கள் நால்வருமே. ஐவரும் ஆலைகளில் உழைத்து 58 வயதில் ஓய்வு பெற்றவர்கள்.

அவர்கள் ஆக்கிய சொற்களுக்கு ஓர் அகராதியே போடலாம். உட்கார்ந்தவர் எழும்போது வாயிலிருந்து தானாக வரும் 'அம்மா' என்னும் ஓசைக்கு 'எழும்பொலி' என்று பெயர். ('எலும்பொலி' என்பது பாடபேதம்.) மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுபவர் 'நெற்றிக்கண்ணர்'. மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயில் கொண்ட ஊர் ஆதலால் இதற்கு எதிர்ப்பு எழவில்லை. வாயைத் திறந்தாலே 'அந்தக் காலத்துல' என்று தொடங்குபவர் 'அக்காலர்', ஐவருமே அக்காலர்தாம். தலைக்குச் சாயம் பூசியதால் மூன்று வாரம் நீடிப்பது 'மையிளமை'. இதை ஆக்கிய என் தந்தையார் அதற்கு விளக்கமும் தந்தார்: "இளமையிலும் மை இருக்குது, முதுமையிலும் மை இருக்குது. தலையில மட்டும் இருக்கக் கூடாதாடா?"

ஐவரில் ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர், ஒருவர் கன்னடம் பேசுபவர். எல்லையோர ஊரில் இது வியப்பன்று. கிழவரைத் தெலுங்கில் முசலி என்பார்கள், கன்னடத்தில் முதுக என்பார்கள். முதுகு வலி வந்தவன் முதுக என்று அங்கே பொருள் வகுத்திருக்கிறார்கள். மொழியியல் ஒப்புமோ ஒப்பாதோ, மருத்துவம் ஒப்பும்.

எங்கள் ஊரும் அவர்களைப் போன்றதே. கன்னடத்தில் ஹொச என்றால் புதிய. ஹொசூர் என்றால் புதூர். செவிடபாடி என்ற பழம்பெயர் ஒன்று இருந்ததை மறைத்துவிட்டு, எத்தனையோ தலைமுறையாகப் 'புதூர், புதூர்' என்றே சொல்லித் திரிகிறது. ஊரே மை பூசியிருக்கையில் என் தந்தையாரைக் குறை சொல்வானேன்?

நம் முன்னோரும் இக்கலையில் வல்லவர்களே. பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தார்கள். 40 வயதை நெருங்கும் அம்மையாரைப் 'பெரிய இளம்பெண்' என்று அழைக்கத் துணிந்த புலவனின் நெஞ்சுரம் எத்தகையது! ஆடவர்பால் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. பன்னிரு பாட்டியல் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று வரிசையாக வந்து, 30 வயதைத் தாண்டியவுடன் முதுமகன் என்று முடித்துவிடுகிறது. இக்கணக்குப்படி நம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் எத்தனை விடலைகள் எஞ்சுவர் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இதைத் தேநீர்க் கடையில் சொன்னபோது பெஞ்சு முழுவதும் கொதித்தது. அன்றே 'பேரிளங்காளை' என்ற சொல் பிறந்து ஒருமனதாக நிறைவேறியது.

அவர்களுக்கு முன்னோடி ஒருவரும் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. பூண் கட்டிய கைத்தடிக்கு அவர் பாட்டில் வைத்த பெயரே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். ஆற்றோரத்து மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் திகைக்க ஆழ்நீரில் குதித்து, அடிமணலை அள்ளி வந்த சிறுவயதை அதில் அவர் நினைத்துப் பார்க்கிறார். இப்போது கையில் தடி, பேச்சுக்கு நடுவே இருமல். எங்கே போயிற்று அந்த இளமை என்று கேட்கிறார். விடை சொல்லவில்லை. அவரும் ஓர் அக்காலர்தாம் என்று தந்தையார் உடனே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்.

தந்தையாருக்கும் ஓர் ஆழ்நீர் உண்டு. சேலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1988இல் ஒரு தகரப் பெட்டியுடன் வந்து சிப்காட்டில் லேத் இயந்திரத்தின்முன் நின்றவர். 1980இலேயே எங்கள் ஊரில் டிவிஎஸ் 50 பிறந்துவிட்டது. அதில் ஒன்றைப் பழையதாக வாங்கி இரவுப் பணிக்குப் போனதை இன்றும் குதிரையேறிப் போனதுபோல் சொல்வார். டைட்டன் கடிகார ஆலையும் இங்கேதான். காலத்தைக் கைக்கு அடக்கமாகச் செய்து பெட்டியிலிட்டு அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு காலம் போனதை அறியாமல் இருந்துவிட்டோம் என்பது பெஞ்சின் பொதுக் கருத்து.

'மையிளமை' என்று சிரித்தாலும் தந்தையார் மை பூசியது அழகுக்காக அன்று. சிறு பட்டறை ஒன்றில் மேற்பார்வை வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பூசிக்கொண்டு போனார். வயதைக் கேட்டார்கள். சொன்னார். அனுப்பிவிட்டார்கள். இன்று விடியற்காலையில் எங்கள் சாலைகளில் ஓடும் ஆலைப் பேருந்துகளைப் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் என் வயதினர், என் தங்கை வயதினர். வாயில்களில் தொங்கும் அறிவிப்புகள் 25 வயதோடு நின்றுவிடுகின்றன. பாட்டியலாவது 30 வரை பொறுத்திருந்தது. ஆலையோ 58இல் கிழவர் என்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டமோ 60 நிறைந்தால்தான் மூத்த குடிமகன் என்கிறது. நடுவில் தொங்கும் இரண்டாண்டுகளுக்குத் 'திரிசங்கு வயசு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தந்தையார் இப்போது இருப்பது அங்கேதான்.

அரசாங்கமும் ஒரு சொல் வைத்திருக்கிறது. அது வேடிக்கைக்கு ஆக்கியதன்று. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குகிறவர் ஆண்டுக்கொரு முறை 'உயிர்வாழ் சான்று' தர வேண்டும். நேரில் போய் நின்றால் போதாது. விரல் ரேகை போன்ற அடையாளம் ஒன்றைக் கருவி ஒப்ப வேண்டும். தந்தையாரை அழைத்துக்கொண்டு நான்தான் சென்றேன். வலக்கைப் பெருவிரல் வைத்தார், பதியவில்லை. சுட்டுவிரல், நடுவிரல், பிறகு இடக்கை. துணியால் துடைத்து, ஈரமாக்கி, மீண்டும் அழுத்தினார். பத்து விரலிலும் ரேகை விழவில்லை. முப்பது ஆண்டுக்குமேல் இரும்பையும் எண்ணெயையும் தொட்ட விரல்கள், வழவழவென்று சோப்புக் கட்டிபோல் இருந்தன. அவை அப்படித் தேய்ந்திருப்பதை அன்றுதான் நான் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

தந்தையார் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவாங்கடா. ஆபரேட்டருக்கு எழுத மாட்டாங்க."

வணிகவியல் நண்பர்கள் அறிந்த சொல்தான். நானும் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கடைசியில் கருவிழியைப் படம் பிடித்து அவர் உயிரோடிருப்பதை உறுதி செய்தார்கள். மறுநாள் காலையில் 'தேய்மானர்' என்ற சொல்லைப் பெஞ்சில் வைத்தார். மற்ற நால்வரும் வழக்கம்போல் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஆள் தம் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஒருநாள் இரவு வீட்டில் படித்துக் காட்டினேன். தந்தையார் திண்ணையிலிருந்து திருத்தம் சொன்னார். அம்மா அடுப்படியில் மறுநாளைக்கு ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்க, உங்களுக்கு அம்பத்தெட்டுல ரிட்டயர்மெண்டு குடுத்தாங்க. எனக்கு யாரும் குடுக்கலையே, எனக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்றார். மாவு சலிக்கும் ஓசை நிற்கவில்லை.

பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அம்மாவுக்கு 52. மறுநாள் கேள்வியைத் தளி ரோட்டுக்கு எடுத்துச் சென்றேன். ஐவரும் மூன்று மொழியிலும் தேடினார்கள்; இரண்டாம் சுற்றுத் தேநீரும் ஆறிப்போயிற்று. கன்னடக்காரப் பெரியவர்தான் கடைசியில், "காலேஜ்ல தமிழ் வாத்தியாருங்க இருக்காங்களே, அவங்களக் கேட்டுட்டு வா தம்பி" என்று சொல்லி அனுப்பினார். மலரில் இதை எழுதுவது அதற்காகத்தான், ஐயா.