முள் சொல்வது மெய்யா?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கடிகாரத்தைப் பார்த்து எழுகிறோம். தராசைப் பார்த்து விலை கொடுக்கிறோம். வெப்பமானியைப் பார்த்துக் காய்ச்சல் என்கிறோம். மனிதன் சொன்னால் சந்தேகப்படும் நாம், கருவி காட்டினால் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தக் கருவியைச் சோதித்தவர் யார்? எப்போது சோதித்தார்? இதை நாம் கேட்பதில்லை.

நம் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன், "முதலில் சுழிப்பிழையைக் குறித்துக் கொள்ளுங்கள்" என்று பேராசிரியர் சொல்வார். பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பும் சடங்கு என்றே நம்மில் பலர் அதை எண்ணுகிறோம். அந்தச் சுழிப்பிழை வானத்தில் பறப்போரின் உயிரையும் தொடும், தரையில் ஒரு குடும்பத்தின் வரவையும் தொடும் என்று எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் மண்ணில் பிறந்த விமானங்கள்

தருமபுரிக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலையும் ஓடுதளமும் அமைந்தன. இத்தாலி நாட்டு வடிவமைப்பான பார்ட்டினேவியா பி-68சி என்னும் ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின் விமானம் 1990களில் அங்கே உருவாயிற்று. கேழ்வரகும் மாவும் புளியும் விளைந்த மாவட்டத்தில் விமானமும் விளைந்தது என்றால் மிகையாகாது!

அதற்கும் முன்பே பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 'புஷ்பக்' என்ற இரண்டு இருக்கை விமானத்தைச் செய்தது. அது முதன்முதல் பறந்த ஆண்டு 1958. துணி போர்த்திய உடல், 90 குதிரைத்திறன் எஞ்சின். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புஷ்பக்குகள் நாட்டின் பறப்புக் கழகங்களுக்குச் சென்றன. எத்தனையோ இளைஞர்கள் அவற்றில் பறக்கக் கற்றனர். பின்னர் தேசிய வானூர்தி ஆய்வகம் 'ஹன்சா' விமானத்தை வடிவமைத்தது. அதன் முதல் பறப்பு 1993இல். வட்ட வட்ட முகப்புகளுடன் பிறந்த ஹன்சாவுக்கு, எண்மத் திரைகளைக் கொண்ட புதிய வடிவம் ஒன்று வந்து 2021 செப்டம்பரில் பறந்தது. பழைய கருவிகளிலிருந்து புதிய கருவிகளுக்கு மாறும் வரலாற்றை இந்த ஒரு விமானத்திலேயே காணலாம்.

நான் பார்த்த பழைய விமானம்

எங்கள் பெரியப்பா மகன் ஐ.டி.ஐ. படித்தவர். வெளியூரில், சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் உரிய அனுமதி பெற்று என்னை உள்ளே அழைத்துச் சென்றார். தனி ஒருவருக்குச் சொந்தமான நான்கு இருக்கை விமானம் ஒன்று அங்கே நின்றது. அதன் வயது என் வயதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதன் கருவிப் பலகையைக் கழற்றி வைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் குழாய்களும் கம்பிகளும் பசுவின் குடல்போல் தொங்கிக் கொண்டிருந்தன.

நான் வியந்தது ஒன்றுதான். நாம் வகுப்பில் படித்த இயற்பியல் முழுவதும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தது!

இறக்கையின் கீழே எதிர்க்காற்றை நோக்கி நிற்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. அதுதான் பிட்டாட் குழாய். உடலின் பக்கவாட்டில் சிறு துளை ஒன்று இருக்கும். அது அசையாத காற்றின் அழுத்தத்தை எடுக்கும். இரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டைக் கொண்டு வேகத்தைக் காட்டுவது வேகமானி. பெர்னோலி தேற்றத்தைத் தவிர அதில் வேறு மந்திரம் இல்லை. உயரமானியோ, நம் ஆய்வகத்திலுள்ள திரவமில்லாக் காற்றழுத்தமானியின் தம்பி. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே உள்ள மூடிய தகட்டுப் பெட்டி விரிகிறது, முள் நகர்கிறது.

இந்த உயரமானியில் ஒரு சங்கதி உண்டு. அது உண்மையில் அளப்பது உயரத்தை அன்று, அழுத்தத்தைத்தான். அன்றைய தினம் அந்த இடத்தில் காற்றழுத்தம் என்ன என்று விமானி ஒரு சிறு திருகைத் திருப்பி அதற்குச் சொல்லியாக வேண்டும். தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 30 அடி. அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்த ஊருக்கு வந்தும் திருகைத் திருப்பாவிட்டால், முள் 1000 அடி என்னும். விமானமோ 700 அடியில் இருக்கும். கருவியில் பழுதில்லை, ஆனால் முள் சொல்வது மெய்யில்லை. இந்த ஒரு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பழையன கழிதலும் புதியன புகுதலும்

அந்த விமானத்தில் செயற்கை அடிவானம் காட்டும் கருவியையும் திசை காட்டும் கருவியையும் மாற்றிக் கொண்டிருந்தார்கள். பழைய கருவிகள் ஜைராஸ்கோப்பால் இயங்குபவை. எஞ்சினோடு பூட்டிய பம்பு காற்றை உறிஞ்ச, அந்தக் காற்றோட்டம் ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழற்றும். நாம் சிறுவயதில் விட்ட பம்பரம்தான்! சுழலும் வரை அது தன் அச்சை விட்டுக் கொடுக்காது. விமானம் மேகத்துக்குள் புகுந்து வானமும் பூமியும் தெரியாமற் போகும்போது, எது மேல் எது கீழ் என்று சொல்வது அந்தப் பம்பரமே.

பம்பரத்துக்கும் முதுமை உண்டு. காற்றோடு வரும் தூசி வடிகட்டியை அடைக்கும், பேரிங் தேயும். எஞ்சினை நிறுத்திய பிறகு சக்கரம் ஓய்ந்து நிற்கும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார்களாம். கரகரத்து விரைவில் நின்றால் பேரிங்குக்கு வயதாகிவிட்டது என்று பொருள். பம்பு பழுதானாலோ ஆபத்து மெதுவாக வரும். சக்கரம் சிறிது சிறிதாக வேகம் இழக்க, அடிவானக் கோடு மெல்லச் சாயும். அதை நம்பும் விமானியும் விமானத்தை மெல்லச் சாய்ப்பார். ஒரேயடியாக நின்றுபோகும் கருவியைவிட, நிற்காமல் பொய் சொல்லும் கருவியே கொடியது.

புதிய கருவியில் சுழலும் சக்கரம் இல்லை. நகக்கண் அளவுள்ள சில்லுக்குள் அதிரும் நுண்ணுறுப்பு விமானத்தின் திருப்பங்களை உணர, திரையில் படம் தோன்றுகிறது. மின்சாரம் நின்றாலும் தாங்க, தனி மின்கலமும் வைக்கலாம். பம்பும் குழாய்களும் போவதால் எடையும் குறையும்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். இல்லை. எடை மாறியதால் விமானத்தின் ஈர்ப்பு மையத்தை மறுபடி கணக்கிட வேண்டும். மின்சாரச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அமெரிக்க விதி ஒன்றை அண்ணன் சொன்னார்: இத்தகைய சிறு விமானத்தில் 1000 அடி உயரத்துக்குச் சமமாகக் காற்றை உறிஞ்சி மூடினால், ஒரு நிமிடத்தில் முள் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும் விமானமானால், இந்தச் சோதனையை 24 மாதங்களுக்கு ஒருமுறை செய்தே தீர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காந்தத் திசைகாட்டி! எத்தனை திரைகள் வந்தாலும் அந்தக் கிழவரை யாரும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. அவருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் பக்கத்தில் புதிய மின்கருவி வந்தால் அதன் காந்தப்புலம் அவரைத் தடுமாறச் செய்யும். ஆகவே விமானத்தைத் திறந்த வெளியில் நிறுத்தி, 30 பாகை 30 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு பிழை என்று குறித்து, அந்த அட்டையைத் திசைகாட்டிக்கு அருகிலேயே ஒட்டுகிறார்கள். எவ்வளவு பெரிய நேர்மை! "நான் இந்தத் திசையில் இரண்டு பாகை பிழையாகச் சொல்வேன்" என்று தன் குறையைத் தன் அருகிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் கருவி அது. மனிதரில் அப்படி எத்தனை பேர்?

பராமரித்தால் பழமையும் பறக்கும். ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15ஆம் நாள் 'பஸ் மாத்' என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், தம் 78ஆம் வயதில், 'லெப்பர்ட் மாத்' என்ற 1930களின் விமானத்தில் டாட்டா அதே கராச்சி–பம்பாய்ப் பயணத்தை மீண்டும் செய்தார். விமானியின் துணிவை உலகம் புகழ்ந்தது. அந்தப் பழைய விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த கைகளையும் நாம் புகழ வேண்டாமா?

குளவியும் ஒட்டுத்தாளும்

பணிமனையில் அண்ணனுக்குக் கற்பித்த முதல் பாடம், விமானம் நின்றவுடன் பிட்டாட் குழாய்க்கு உறை போடுவது. இரண்டாவது பாடம், அந்தக் குழாயை வாயால் ஊதக் கூடாது என்பது. ஊதினால் மறுமுனையிலுள்ள கருவி கெட்டுவிடும். "முள்ளு மேல பழி போடறதுக்கு முன்னால குழாயைப் பாரு தம்பி" என்றார்.

உறை போடுவது அற்பக் காரியமா? 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு பெரிய பயணி விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். உறையின்றிக் கிடந்த பிட்டாட் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. நம் வீட்டு நிலைப்படியில் கூடு கட்டும் அதே வகைக் குளவி! அதே ஆண்டு அக்டோபரில் பெரு நாட்டில் மற்றொரு விமானம் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். விமானத்தைக் கழுவும்போது பக்கவாட்டுத் துளைகளை மூடிய ஒட்டுத்தாளை எடுக்காமல் விட்டதே காரணம்.

அதனால்தான் வேலை செய்தவர் வேறு, சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் வேறு. என் அண்ணன் எவ்வளவு திறமையாகத் திருகை முடுக்கினாலும், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திடாமல் விமானம் நகராது. அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்? "இந்த முள் சொல்வது மெய் என்பதற்கு நான் பொறுப்பு" என்பதே.

எங்கள் வீட்டு அளவு

இனி எங்கள் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். இரண்டு பசுக்களின் பால் பணத்தில்தான் நான் படிக்கிறேன். நாள்தோறும் பால் ஊற்றும் இடத்தில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். 28க்குக் குறைந்தால் "தண்ணி கலந்திருக்கு" என்று விலையைக் குறைப்பார்கள். அம்மாவின் பால் பல நாள் குறைந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலை சாமி" என்று அம்மா என்னிடம் சொன்னபோது, பணம் போன வருத்தத்தைவிடப் பழி வந்த வருத்தமே அந்தக் குரலில் பெரிதாக இருந்தது.

விடுமுறையிலிருந்து திரும்பியதும் அந்த லாக்டோமீட்டரைக் கவனித்துப் பார்த்தேன். அதன் கழுத்தில் 27 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருந்தது. அந்த வெப்பநிலையில்தான் அது மெய் சொல்லும். எங்கள் வீடு பக்கம். அம்மா கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுபோவார். சூடான பால் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, கருவி ஆழ்கிறது. துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். புதிதாய்க் கறந்த பாலில் காற்றுக்குமிழிகள் இருப்பதும் அளவைக் குறைக்கும் என்று விளக்கி, ஆய்வக வெப்பமானி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். 36 டிகிரியில் 26½ காட்டிய அதே பால், தண்ணீர்த் தொட்டியில் வைத்து 27 டிகிரிக்கு ஆறியதும் 28 காட்டியது.

கருவியில் பழுதில்லை. திருப்ப வேண்டிய திருகை யாரும் திருப்பவில்லை, அவ்வளவே.

பால் அளப்பவரிடம் பணிவாகச் சொன்னேன். "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா தம்பி?" என்றார். வெப்பமானி வைக்க அவர் ஒப்பவில்லை. கழித்த பணமும் திரும்பவில்லை. ஆனால் மறுநாள் முதல் அம்மா பாலை ஆற வைத்துக் கடைசி ஆளாகக் கொண்டுபோகிறார். அளவு குறைவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் அப்படியே செய்கிறார். வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பால் இன்னும் சூடாகவே அளக்கப்படுகிறது.

முடிவாக

பட்டம் பெற்றதும் தேர்வெழுதி அரசு வேலைக்குப் போ என்கிறார் அப்பா. விமானப் பராமரிப்புப் படிப்புக்கு ஆகும் செலவு எங்களால் ஆகாது. அதில் எனக்கு மனக்குறையும் இல்லை. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின்படி தராசுகளையும் அளவைகளையும் சோதித்து முத்திரையிடும் அலுவலர் பணி ஒன்று உண்டு. இயற்பியல் படித்த அறிவியல் பட்டதாரி அதற்குத் தகுதி உடையவர். அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக் கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் கைநாட்டு வைத்தோரின் பிள்ளைகள். நம் பெற்றோர் முள் காட்டியதை வாதாடாமல் ஏற்றுக்கொண்டவர்கள். வாதாடும் மொழி அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. நமக்குக் கற்பிக்கப்படுகிறது. அடுத்த முறை ஆய்வகத்தில் கருவியைத் தொடும்போது சுழிப்பிழையை மனமாரக் குறியுங்கள். வீட்டுக்குச் சென்றதும், உங்கள் குடும்பத்தின் நெல்லையும் பருத்தியையும் பாலையும் அளக்கும் கருவியையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.