ஒருநாள் விட்டு ஒருநாள்

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதன் புறத்தேயே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆதலின், தோட்டத்துப் பிள்ளையொன்று விஞ்ஞான பீடத்தின் வாயிலை மிதிப்பது இன்றும் ஒரு லயம் முழுவதற்குமே மகிழ்ச்சிச் செய்தியாகும். வாயிலைக் கடந்தபின் நிகழ்வதை லயம் அறிவதில்லை.

தெரணியகலைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தியின் அனுபவம் இதற்குச் சான்று. தந்தை இறப்பர்ப் பால் வெட்டுபவர். தாய் கொழுந்து பறிப்பவர். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழிற் கற்றவளுக்கு, முதலாம் ஆண்டில் தாவரவியலும் விலங்கியலும் இரசாயனவியலும் ஆங்கிலத்தில் வந்தன. நொதியம், கலம், நியமிப்பு என அவள் நன்கறிந்தவையெல்லாம் வேற்றுப் பெயர் பூண்டு நின்றன. ஆய்வுகூடத்தில் 'பியூரெட்' கேட்கப்பட்டபோது, அளவியை விட்டுக் குழாயியை எடுத்து நீட்டினாள். சிரிப்பு எழுந்தது. அன்றுமுதல் வினா எழுப்புவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

வேலைப்பளுவைச் சற்றுக் கணக்கிட்டு நோக்குதல் தகும். ஆண்டுக்கு 30 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேர உழைப்பு என்பது இலங்கைத் தகைமைகள் சட்டகம் வகுத்த அளவு. ஆக 1500 மணி. பதினைந்து வார அரையாண்டுகள் இரண்டில் இதனைப் பகிர்ந்தால், வாரத்துக்கு 50 மணி. விரிவுரை, செய்முறை, அறிக்கை, தனிப்படிப்பு யாவும் இதனுள் அடங்கும். அகராதி புரட்டும் நேரமோ இக்கணக்கில் இல்லை. அதனை அவள் உறக்கத்திலிருந்து எடுத்தாள். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தும் முதல் அரையாண்டில் இரசாயனவியலிற் சித்தியெய்தவில்லை.

படிப்பை விட்டுவிடும் எண்ணத்தோடு வீடு சென்றவள், விடியுமுன் தந்தையோடு மலையேறினாள். வைகறையில் மரத்தின் வீக்க அமுக்கம் உயர்ந்திருப்பதாற் பால் நன்கு வடியும் என்பதை அவள் விரிவுரையிற் கேட்டிருந்தாள். தந்தை அதனைக் கையால் அறிந்தவர். இரவெல்லாம் படித்தும் தோற்றதை அவள் சொல்லக் கேட்டவர், வெட்டாது கடந்துவந்த மரமொன்றைக் காட்டினார்.

"அது நேத்து வெட்டுன மரம், புள்ள. தெனம் வெட்டுனா பட்ட காஞ்சி பாலே வராது."

சிறுவயது முதற் கேட்ட சொல்தான். அன்று புதிதாய் ஒலித்தது.

மீண்டு வந்தவள் பாடங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் என வகுத்துக்கொண்டாள். அன்றைய விரிவுரையை அன்றே வாசித்தாள். பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடினாள். அன்று சிரித்தவருள் ஒருத்தி, சிங்களக் கிராமமொன்றிலிருந்து வந்தவள், 'பியூரெட்' என்ற சொல்லைத் தானும் அவ்வாரமே கற்றதாக ஒப்புக்கொண்டாள். இருவரும் ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் என மூன்று நிரல்கள் வரைந்து, சொற்களைத் திரட்டலாயினர்.

மீள எழுதிய தேர்வில் அவள் சித்திபெற்றாள். எனினும் மீள எழுதுவோருக்குப் பெரும்பாலும் 'சி' தரத்துக்கு மேல் வழங்கப்படுவதில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவிற் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு நிகழும்போது, அந்த இழப்பும் உடன் எண்ணப்படும்.

மாணவரின் உழைப்பை மணிக்கணக்கில் அளப்போர், மொழி ஏற்றும் சுமையையும் அளத்தல் வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு கலைச்சொற் பட்டியலை வழங்குதல் எந்தப் பீடத்துக்கும் அரிதன்று. அதுவரை, அக்குறிப்பேடு அடுத்த அணி மாணவரின் கைகளில் நடமாடிக்கொண்டிருக்கிறது.